ஒன்பதாவது ஆள்

தீமிதிக்கு மாதக்கணக்கில் முன்பே சிங்கப்பூரில் பாரதம் தொடங்கிவிடும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் கொடியேறும், திரௌபதிக்குக் கல்யாணம் நடக்கும், அர்ச்சுனன் தவத்துக்குப் போவான், அரவான் களப்பலியாவான். கடைசியில், தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கையில், சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வரும் கூட்டம் பூக்குழியில் இறங்கும். அந்தச் சடங்குக்கும் எங்கள் நாடகக் குழுவுக்கும் சம்பந்தம் கிடையாது. ஓய்வு பெற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கலந்த சின்னக் கூட்டம் எங்களுடையது. இந்த ஆண்டு அர்ச்சுனன் தவத்தைப் பிள்ளைகளுக்காக மேடையேற்றலாம் என்று முடிவாயிற்று. மரவேலை என் பங்கு. உத்தியோக காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அர்ச்சுனன் வில்லை ஒட்டுப்பலகையில் வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டினால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேடனாக வந்த சிவனை அர்ச்சுனன் காண்டீபத்தாலேயே ஓங்கி அடிக்கிற கதை இது. அட்டை வில்லால் அடித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். மெய்யான வில்லே செய்து தருகிறேன், ஆணியும் பசைப்புட்டியும் இல்லாமல், காட்டில் வேடன் செய்கிற மாதிரி என்று சொல்லிவிட்டேன். ஒத்திகை முடிந்த ஒரு நாள், இன்னும் வேலை முடியாத வில்லைத் தேக்கா சாப்பாட்டுக் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மலாயா ரயில்வே வேலைக்கென்று தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், முழுச் சைவம். வில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இது உண்மையாவே எய்யுமோ?"

"எய்யும் அண்ணே."

"பன்றியைக் கொல்லுமோ?"

"முனை வச்சு, கிட்ட நின்னு விட்டா, கொல்லும்."

"அப்ப இது கொலைக்கருவியெல்லோ. நாடகம் தொடங்க முந்தி நடராசற்றை படத்துக்கு முன்னாலை வைச்சுப் பூசை செய்யப்போறம் எண்டியள். அட்டை வில்லெண்டா நான் ஒண்டும் சொல்லன். இதை எப்பிடி வைக்கிறது?"

வீம்புக்குக் கேட்கிற ஆளில்லை அவர். வில்லை எங்கே வைப்பது என்பது மேலோட்டமான கேள்வி. அதற்கடியில் இன்னொன்று கிடந்தது: கொல்லக்கூடிய பொருளைச் செய்கிறவனுக்குப் பாவத்தில் பங்கு உண்டா? பதிலுக்கு முன்னால் வில் எப்படி உருவானது என்று சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது.

ஊரில் வில்லுக்குக் கல்மூங்கில் தேடுவார்கள். அதன் நடுவே பொந்து இருக்காது. இங்கே கிடைத்தது மலாய்க்காரர்கள் பெத்தோங் என்று சொல்கிற பருத்த மூங்கில். ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் புதர் மண்டிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பூங்காவில் ஒரு கழியை வெட்டினாலும் அபராதம். சுங்கை காடூட் மரக்கிடங்கில் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். மூங்கிலில் மாவுச்சத்து இருக்கும்வரை உளு வண்டு விடாது. ஊரில் குளத்தில் ஊறப்போட்டு எடுப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் குளத்துக்கு எங்கே போவது? ஒரு முனையை அடைத்த பிவிசி குழாயில் தண்ணீர் நிரப்பி, பிளந்த பிளாச்சுகளை அதற்குள் நிறுத்திவைத்தேன். நாற்றத்தைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

ஊறியதைக் காயவைப்பது இந்த ஊரில் பெரும்பாடு. காற்றிலேயே ஈரம். ஈரம் போகாத பிளாச்சை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், திரும்பி நிமிராது. நிமிராத வில்லில் விசை எங்கிருந்து வரும்? ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிக்யூ அடுப்பு ஒன்றை முன்பதிவு செய்து, பக்கத்தில் ஒரு குடும்பம் சாத்தே வாட்டிக்கொண்டிருக்க, நான் மூங்கிலின் உள்பக்கத்தைக் கரியனலில் வாட்டினேன். இளம் பழுப்பு ஏறும்வரை வாட்டினால் அந்தப் பக்கம் இறுகிவிடும்.

அப்புறம்தான் வேலையே. மூங்கிலின் பச்சைத்தோல் பக்கம் வில்லின் முதுகு; எதிரியைப் பார்த்திருப்பது. இழுக்கும்போது நீளுகிற பக்கம் அதுதான். அதன் நார் ஒன்றுகூட அறுபடக் கூடாது. எய்பவனைப் பார்த்திருக்கும் உள்பக்கம் வயிறு. அங்கேதான் அரமும் உளியும் பட வேண்டும். கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவேன்; அப்பா காட்டித்தந்த வழி அது, இழைப்புளியைவிட மெல்லிசாக வரும். சுவரில் ஒரு முளை அடித்து வில்லை மாட்டி, நாணை மெல்ல இழுத்து, தள்ளி நின்று வளைவைப் பார்க்க வேண்டும். ஓரிடம் மட்டும் அதிகமாக வளைந்தால் அந்த இடத்தைத் தொடக் கூடாது. அதற்கு இரு புறமும் விறைத்து நிற்கும் இடங்களைச் சுரண்ட வேண்டும். புதிதாகச் செய்கிற பையன்கள் கண்ணுக்குத் தெரிகிற கோணலிலேயே கை வைப்பார்கள். வில் அங்கேயே முறியும். சுரண்டு, மாட்டு, இழு, பார். இந்த வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை.

நாணுக்கு நார் தேடி நான் அலையவில்லை. எங்கள் புளோக்கில் மாடிக்கு மாடி தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் பாதிக்குமேல் பாம்புத்தோல் மாதிரி வரிபோட்ட, வாள் போல நிமிர்ந்த இலைச்செடி. ராசிக்காகச் சீனர் வீடுகளில் வைப்பார்கள். நம் ஊர் மருளுக்கு அது ஆப்பிரிக்கப் பங்காளி. மருள் நாரில்தான் பழைய காலத்தில் வில்நாண் திரித்தார்கள். அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் சில இலை கேட்டேன். எதற்கு என்றார். வில்லுக்கு நாண் என்றேன். சற்று யோசித்துவிட்டு முற்றின இலைகளாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். இலையை ஊறவைத்து, பலகைமேல் பரப்பி, மொட்டைக் கத்தியால் சதையை வழித்தால் வெள்ளை நார் மிஞ்சும். நிழலில் உலர்த்தி, தொடையில் வைத்துத் திரித்து, இரண்டு புரியாக முறுக்கி, தேன்மெழுகு பூசினேன்.

அம்புக்குச் செடி தாங்கும் மூங்கில் குச்சி. இறகு? இங்கே கோழி இறகில்லாமல்தான் கடைக்கு வருகிறது. எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதுகில் பரிச்சயமான ஒரு பொருள் உண்டு: பிரம்புக் கைப்பிடி போட்ட சேவலிறகுத் துடைப்பம். அதை ஒன்று வாங்கி இறகைப் பிரித்தேன். பழைய தச்சர்கள் தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரத்தால் ஒட்டியிருப்பார்கள். பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது, புளியங்கொட்டைப் பசையே காய்ச்சினேன். முனையை மழுக்கிவிட்டேன்.

இனிக் கேள்விக்கு வருகிறேன்.

மனுவின் நூலில் ஓர் உயிர்க்கொலைக்குப் பொறுப்பாளிகள் என்று எட்டுப் பேர் வருகிறார்கள். அனுமதிப்பவன், வெட்டிப் பிரிப்பவன், கொல்பவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன். மனுவோடு எனக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆனால் இந்தப் பட்டியலில் தப்பிக்க இடம் வைக்காத ஒரு கறார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தை ஆட்டுக்கறிக் கடையில் நான் வாங்குபவன், மத்தியானம் உண்பவன். சமைப்பதும் பரிமாறுவதும் மனைவி. எட்டில் நான்கு இடத்தை எங்கள் வீடே நிரப்பிவிடுகிறது. வள்ளுவரும் வாங்குகிற கையைத்தான் சுட்டுகிறார். ரேஸ் கோர்ஸ் சாலையில் பெரிய உருவத்தில் உட்கார்ந்திருக்கும் புத்தர், இல்லறத்தார் செய்யக் கூடாத வணிகம் என்று ஐந்தைச் சொன்னார். ஆயுதம், உயிர்ப்பிராணி, இறைச்சி, கள், நஞ்சு. அங்கேயும் பேசப்படுவது வியாபாரி.

மனுவின் எட்டுப் பேரில் கத்தி அடித்த கொல்லன் இல்லை. வில் வளைத்தவன் இல்லை. முதலில் இது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் தச்சர். வெள்ளைக்காரன் 1971-ல் கிளம்பும்வரை அங்கே வேலை. பெரும்பாலும் பெட்டி அடிப்பார். பெட்டிக்குள் என்ன போகிறது என்று ஒருநாள் கேட்டேன். "பெட்டி கேக்குறான், பெட்டி அடிக்கிறேன். உள்ள என்ன வைக்கிறான்னு தச்சன் கேக்கக் கூடாது" என்றார். கடற்படைத் தளத்துப் பெட்டியில் பிஸ்கட்டும் போகும், குண்டும் போகும். ஆயுத பூசையன்று அவருடைய உளிகளுக்குச் சந்தனப் பொட்டு வைப்பது என் வேலை. அவருடைய பதில் வெகுகாலம் எனக்குப் போதுமானதாக இருந்தது. பெட்டி யாரையும் குறிபார்ப்பதில்லை.

வில்லைச் சுரண்டும்போது அந்தப் பதில் கையில் நிற்கவில்லை. ஒவ்வொரு சுரண்டலும் அம்பு இன்னும் நேராக, இன்னும் விசையாகப் போவதற்காக. கத்தி என்றால் வெண்டைக்காயும் நறுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். வேட்டை வில்லுக்கு அப்படி ஒரு சமையலறை வேலை கிடையாது. ஒரே ஒரு மறுவாழ்வு உண்டு, பாட்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன் குமிழங்கொம்பை வளைத்து மரல்நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் வாசிக்கிறான். எங்கள் தாழ்வாரத்துச் செடியின் உறவுதான் அந்த நாரும். தென்பாண்டி வில்லுப்பாட்டில் வில் மணி கட்டிக்கொண்டு குடத்தின்மேல் கிடக்கும். 2021-ல் பத்மஸ்ரீ பெற்று அடுத்த ஆண்டு மறைந்த சுப்பு ஆறுமுகத்தின் வில்லில் யாரும் அம்பு பூட்டியதில்லை. ஆனால் நான் செய்தது அந்த வில் அல்ல.

பாரதத்திலேயே இந்த வழக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. அம்புப் படுக்கையில் கிடக்கிற பீஷ்மர், இத்தனை பேர் சாவுக்கும் நானல்லவா காரணம் என்று அழுகிற தருமனுக்குச் சொல்லும் கதை. அனுசாசன பருவத்தின் தொடக்கத்தில் வருகிறது. கௌதமி என்ற கிழவியின் மகனைப் பாம்பு கடித்துவிடுகிறது. அருச்சுனகன் என்ற வேடன் பாம்பைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்து, எப்படிக் கொல்லட்டும் என்கிறான். பாம்பு வாதாடுகிறது: நான் வெறும் கருவி, குயவனின் சக்கரம் மாதிரி, என்னை ஏவியவன் மிருத்யு. வேடன் விடவில்லை. கருவியும் ஒரு காரணம்தானே, காரணமென்றால் தண்டனை உண்டு என்கிறான். மிருத்யு நேரில் வந்து, என்னை ஏவியவன் காலன் என்கிறான். காலன் வந்து, அந்தப் பிள்ளையின் சொந்த வினையே அவனைக் கொன்றது என்கிறான். கௌதமி பாம்பை விட்டுவிடச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றியபடி, "எல்லாரும் மேலை கையைக் காட்டினம். கடைசியிலை செத்த பிள்ளைதான் குற்றவாளி" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கௌதமியின் பெருந்தன்மை வேறு விஷயம்; கும்பிடலாம். வாதத்தில் வேடன் பக்கம்தான் வலு அதிகம். உயிரைக் கொன்று பிழைக்கிறவன் அவன். கருவி குற்றமற்றது என்று சொன்னால் அவனுக்கே சௌகரியம். அவன் அதைச் சொல்லவில்லை.

எங்கள் நாடகத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூகாசுரன் பன்றியாக வருகிறான். அர்ச்சுனன் அம்பும் வேடன் அம்பும் ஒன்றாகப் பாய்கின்றன. என் அம்புதான் கொன்றது, இல்லை என் அம்புதான் என்று இருவருக்கும் சண்டை. இரண்டு பேரும் கொலைக்கு உரிமை கேட்கிறார்கள்! இன்றைக்கு ஒரு பன்றி செத்தால் என் அம்பு இல்லை என்றுதான் சண்டை நடக்கும். அதுவும் இங்கே, புக்கிட் பாஞ்சாங்கில் காட்டுப்பன்றி நடைபாதைக்கு வந்தாலும் தொடக் கூடாது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-ல் திருத்தி வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அனுமதியில்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம், தீனி போடுவதும் குற்றம். ஆகவே என் வில் எந்தப் பன்றியையும் கொல்லப்போவதில்லை. இதைச் சொல்லிப் பெரியவரைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். ஆனால் சட்டம் தடுப்பதால் நான் நல்லவனாகிவிடுவேனா?

செய்தவனைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது பாவத்தில் மட்டும் நடப்பதில்லை. கோயிலில் மிருதங்கம் வாசிக்கிறார்கள். அதில் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் உண்டு. கச்சேரி அழைப்பிதழில் வித்துவான் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரவைத்தவர் பெயர் இருக்காது. டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. தோல் உள்ளே வரலாம், தோலைத் தொட்டவர் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். இது என்ன கணக்கு? கொலையில் கொல்லனின் பெயரை விட்டுவிடுகிறோம், அது அவனுக்குச் சலுகை மாதிரி தோன்றுகிறது. கச்சேரியில் தோல்வேலைக்காரரின் பெயரை விட்டுவிடுகிறோம், அது அவமானம். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே காரியம். செய்கிறவனை மனிதனாக எண்ணவில்லை, சக்கரமாக எண்ணுகிறோம்.

இந்த இடத்தில்தான் கண்ணப்பர் வருகிறார். பின்னாளில் கண்ணப்பரான, உடுப்பூர் நாகனின் மகன் திண்ணன் முதன்முதலில் வில் பிடிக்கிற நாளைச் சேக்கிழார் ஊர்த் திருவிழாவாக்கிப் பாடுகிறார். அந்த வில்லோடுதான் அவன் பன்றியைத் துரத்திக் காளத்தி மலையடிக்கு வருகிறான். ஒரு கையில் வில், ஒரு கையில் தொன்னையில் இறைச்சி, வாயில் பொன்முகலித் தண்ணீர். இரவெல்லாம் வில்லோடு நின்று சாமிக்குக் காவல். ஆறாம் நாள் இறைவன் கண்ணில் ரத்தம் கசிகிறது. திண்ணன் முதலில் செய்வது என்ன? வில்லை எடுத்துக்கொண்டு, யார் இதைச் செய்தது என்று தேடுகிறான். ஆளில்லை. பச்சிலை பிழிகிறான், நிற்கவில்லை. பிறகு அம்பை எடுத்துத் தன் கண்ணையே அகழ்ந்து அப்புகிறான்.

சொற்பொழிவில் இந்த இடம் வந்தால் கண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் தச்சன், அம்பைப் பற்றி யோசிக்கிறேன். வேட்டையில் விலங்குகளைக் குத்திய அதே வகை அம்பு. அதை வேறு யாரோ சுத்தி செய்து, மந்திரித்துக் கொடுக்கவில்லை. உடுப்பூரில் எவனோ ஒருவன் மூங்கிலைத் தேர்ந்து, கணு நீவி, இறகு கட்டி, முனை தீட்டியிருக்கிறான். முனை மழுங்கலாக இருந்திருந்தால் கண் வந்திருக்காது. அவன் பெயர் புராணத்தில் இல்லை. இருந்திருந்தால் வேட்டையின் கணக்கும் அவன் பேரில் ஏறியிருக்கும், அந்தக் கண்ணின் கணக்கும் ஏறியிருக்கும். ஒன்றை வேண்டாமென்று தள்ளி இன்னொன்றை மட்டும் வாங்க முடியாது.

ஆகையால் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இது. ஆமாம், இது கொலைக்கருவி. செய்தவனுக்குப் பங்கு உண்டு. மனு எழுதாமல் விட்ட ஒன்பதாவது ஆள் நான். அதனால்தான் இதைச் சாமி முன்னால் வைக்கச் சொல்கிறேன். அட்டை வில்லை வைத்தால் அங்கே ஒப்படைக்க ஒன்றுமில்லை. அதைச் செய்தவன் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா உள்ளே என்ன போகிறது என்று கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட அதே பெட்டியை அடித்திருந்தாலும், கேட்டவன் அடித்த பெட்டி வேறு.

பெரியவர் முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "நாணைக் கழட்டிப்போட்டு வையும்" என்றார். அது அவருடைய சமரசம். தச்சுக்கணக்கிலும் அது சரிதான். இந்த ஈரக்காற்றில் நாணேற்றியபடியே விட்டால் வில் கூன் விழுந்துவிடும். அப்படியே வைக்கப்போகிறோம்.

நாடகம் முடிந்ததும் வில்லைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம், பெற்றோரும் பார்க்கலாம். ஒன்றை மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே இறங்கும். வில் வெடித்துவிடும், பக்கத்தில் நிற்கிறவர் கண்ணிலும் சிலாம்பு படலாம். இழுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், நாணை எப்படி மெல்லத் திருப்பி விடுவது என்று காட்டித்தருகிறேன்.